ஓர் அரிசி கனம்

பிச்சாட்டூர் ரேஞ்ச் ஆபீஸ் ஜன்னலோரம்
நேற்றைய தெலுங்குப் பேப்பரை விரித்து
இரண்டு ரிவால்வர்களையும் திறந்து வைத்திருக்கிறார் சுப்பராயுலு.
திருப்பதியிலிருந்து முதல் பஸ்ஸில் வந்த ஆர்மரர்.
வெளியே பார்த்தால் இரட்டைப் பிள்ளைகள்.
பக்கத் தகட்டைக் கழற்றினால்தான்
வேறு வேறு வயிறு.

"இத பாருங்க மேடம்."
இடுக்கியில் தூக்கிக் காட்டுகிறார்,
மடித்த கொண்டை ஊசி போல ஒரு தட்டை ஸ்பிரிங்.
பதினோரு வருஷம் என் ஆள்காட்டி விரலோடு
மல்லுக்கு நின்றது இதுதானாம்.
இழுக்க இழுக்க இறுகும்.
முதலில் தயிர்,
போகப்போக, கிணற்றுப் படியில் மாட்டிக்கொண்ட வாளி.

புதியதில் சுருள் ஸ்பிரிங்.
தொட்ட இடத்திலிருந்து விடும் இடம்வரை ஒரே கனம்.
சுத்தியலின் மூக்கில் இருந்த முள்ளும் இல்லை;
நடுவில் ஒரு பட்டை எழுந்து நின்றால்தான்
அடி தோட்டாவைப் போய்ச் சேரும்.
கை தவறிக் கீழே விழுந்தாலும் வெடிக்காது.
"சேஃப்ட்டி மேடம். ரொம்ப சேஃப்ட்டி."

சிலிண்டரைத் தள்ளும் கொக்கியையும் மாற்றியிருக்கிறார்கள்.
பழையதில் அறை முன்னதாகவே வந்து பூட்டிக்கொள்ளும்:
டிக்.
அதற்குப் பிறகும் ஓர் அரிசி கனம் பாக்கி இருக்கும்
சுத்தியல் விழ.
புதியதில் பூட்டுவதும் விழுவதும் ஏறக்குறைய ஒன்று.
அந்த அரிசியை எடுத்துவிட்டார்கள்.
அவர் அதைத் தடங்கல் என்கிறார்.
பயிற்சியில் நானும் அதற்காகத் திட்டு வாங்கியவள்தான்:
நிறுத்தாதே, ஒரே இழுப்பு, ஒரே இழுப்பு.

நாகலாபுரம் காட்டில், போன ஆவணியில்,
ஓடைக்கு மேலே
செம்மரக் கட்டைகளைப் போட்டுவிட்டு ஓடினார்கள்.
ஒருவன் ஓடவில்லை.
டார்ச் வெளிச்சத்தில் அவன் கையில் ஏதோ பளபளத்தது.
கோடாலி என்றது கண்.
விரல் கண்ணை நம்பி இழுக்கத் தொடங்கிவிட்டது.
தயிர்.
வாளி.
டிக்.

அங்கே நின்றது.
நான் நிறுத்தினேனா, ஸ்பிரிங் நிறுத்தியதா,
இன்றுவரை தெரியாது.
அவன் இருமினான்.
கையிலிருந்தது நழுவி, மூடி கழன்று
கல்லில் உருண்டது.
"சோறுங்க" என்றான், தமிழில்.
எங்கள் வீட்டில் பேசுகிற தமிழ்.
பிறகுதான் ஓடினான்.

ஆறு கட்டைகள், ஒரு தூக்குப் பாத்திரம்,
ஆட்கள் தப்பி ஓட்டம்
என்று தெலுங்கில் எழுதிக் கொடுத்தேன்.
விரல் எதுவரை போனது என்று எழுத
அந்தப் படிவத்தில் கட்டம் இல்லை.

சுப்பராயுலு புதியதை மூடி, அறை ஆறும் காலி என்று காட்டி
என்னிடம் தருகிறார்.
சுவரைப் பார்த்து வெறுமனே இழுக்கிறேன்.
"எப்படி இருக்கு?"
"நல்லா இருக்கு."
பொய்யில்லை, நன்றாகத்தான் இருக்கிறது.
வருகிற தேர்வில் என் ஆறும்
ஒரே வட்டத்தில் விழும்,
முதல் தடவையாக யாரும் என்னைப் பார்த்து உச்சுக்கொட்ட மாட்டார்கள்.

மறுபடி இழுக்கிறேன்.
மறுபடி.
புது வீட்டில், இருட்டில்,
சுவரைத் தடவி சுவிட்ச் தேடுகிற கை.

"அந்தப் பழைய ஸ்பிரிங்கை எனக்குத் தர முடியுமா?"
சிரிக்கிறார்.
"கணக்குல இருக்கிற சாமான், மேடம்."
நூல் கட்டி, எண் எழுதி, பையில் போடுகிறார்.
ரிஜிஸ்டரை நீட்டுகிறார்.
குறைகள் என்ற பத்தியில்
ஏற்கெனவே அவரே 'இல்லை' போட்டிருக்கிறார்.

கையெழுத்துப் போடுகிறேன்.
விரலை உள்ளே விடாமல்
இரும்புச் சட்டத்தின் மேல் நீட்டி வைத்தபடி
உறையில் செருகுகிறேன்.
அவருடைய டீ ஆடை கட்டிக் கிடக்கிறது.
இன்று ராத்திரி ரோந்து
அதே ஓடைப் பக்கம்.