நடுத் திருகு

அரையிறுதியின்போது ஃப்யூஸ் போனதால்
விளையாட்டு மறுபடி ஏற பதினோரு நிமிடம்.
ஒலிநாடா கிறீச்சிட்டபடி சுற்றியது.
நடுவில் யாராவது இருமினால் பிழை விழும் என்று
நம்பிக் கொண்டிருந்தோம்,
கட்டோவிட்சே சுரங்கத் தொழிலாளர் மன்றத்தில்,
தொண்ணூறாம் ஆண்டு பிப்ரவரியில்.

பக்கத்து நாற்காலியில் ஹால்ஷ்கா.
கையுறையின் விரல் நுனிகளை வெட்டியிருந்தாள்.
மூன்று பேரை வீழ்த்தி வந்தவள்தான்,
ஆனால் மூன்றுமே இழுபறி.
வெயிலில் எதையோ தொலைத்தவள் போல
கண்ணைச் சுருக்கிச் சுருக்கி.

எனக்கென்ன பயம்?
மாமா ஹாம்பர்க்கிலிருந்து அனுப்பிய
வண்ணத் தொலைக்காட்சி வீட்டில் இருந்தது.
சிவப்பு, பச்சை, மஞ்சள், நீலம்.
ஒரே நிறத்தில் நான்கு தொட்டுக்கொண்டால் கரையும்,
கரைந்ததன் குப்பை எதிராளி கிணற்றில் கொட்டும்.
குளியலறை ஓடுகளைக்கூட
மனதுக்குள் நான்கு நான்காகக் கரைத்தவன் நான்.

முதல் ஆட்டம் எனக்கு.
ஒரே சரத்தில் அவள் கிணறு தூர்ந்தது.
யாரோ விசிலடித்தார்கள்.

அவள் எழுந்தாள். தண்ணீர் குடிக்கப் போகிறாள்
என்று நினைத்தேன். நேரே திரைக்குப் போய்
கீழிருந்த மூன்று திருகுகளில் நடுத் திருகைப் பிடித்து
இடப்பக்கம், அது நிற்கும் வரை, திருகினாள்.

நிறம் வடிந்தது.

நான் கத்தினேன். நடுவர் ப்ரோனெக்
தட்டச்சு செய்த இரண்டு பக்க விதிகளைப் புரட்டினார்.
புகைக்கக் கூடாது. எதிராளியின் வயரைப் பிடுங்கக் கூடாது.
திருகைப் பற்றி ஒன்றுமில்லை.
"ரெண்டு பேருக்கும் ஒரே திரைதானே, உட்காரு."

என் கண்ணுக்கு ஒரே சாம்பல்.
அவளுக்கு நான்கு:
ஈயம்,
ஈரச் சிமெண்ட்,
காலையில் கொடியில் போட்ட வெள்ளைச் சட்டை
கரித்தூள் வாங்கி மாலையில் திரும்பும் நிறம்,
பால் குவளை கழுவிய
கடைசித் தண்ணீர்.
(இதெல்லாம் பிறகு அவளே சொன்னது.
அவர்கள் வீட்டுப் பெட்டி கறுப்பு வெள்ளை;
இரண்டு குளிர்காலம் அதிலேயே பழகினாளாம்.)

முகத்தில் சுருக்கம் போய்விட்டது.
விரல்கள் அவசரமே படவில்லை.
நான் சிவப்பென்று நம்பி இறக்கியது பச்சை,
பச்சையென்று இறக்கியது
கடவுளுக்கே வெளிச்சம்.
நாற்பது வினாடி.
மூன்றாம் ஆட்டம் அதற்கும் முன்பே.

பரிசு பத்து வெற்று நாடாக்கள்.
வாங்கிக்கொண்டு போய்த்
திருகைப் பழைய இடத்துக்கே கொண்டுவந்தாள்.
கிணறுகளில் மிச்சம் கிடந்தவை பற்றி எரிந்தன.
கொஞ்ச நேரம் பார்த்து நின்றாள்.
"ஈயம் இவ்வளவு சிவப்பா இருக்கும்னு
இன்னிக்குத்தான் தெரியும்," என்றாள்,
என்னிடமா, திரையிடமா.

அன்றிரவு நானும் குறைத்துப் பார்த்தேன்.
"கெட்டுப்போச்சா?" என்று
சமையலறையிலிருந்து அம்மா.
இல்லை என்றேன்.

மார்ச் நடுவில்
இரண்டு சாம்பல் பிடிபட்டிருந்தது.