பதினொரு எழுத்து

செவ்வாய்க்கிழமை எனோரா வருவாள்.
வியாழக்கிழமை தெனெஸ்.
பிரெஸ்ட் மருத்துவமனையின் மூன்றாம் மாடியில்
அவர்களை ஒரே நாளில் வரச்சொல்வதில்லை.
ஒருவர் இருமல் இன்னொருவர் நுரையீரலுக்கு ஆகாது.
இடையில் வரும் புதன்கிழமை
கதவுப்பிடிகளைத் துடைப்பதற்கு.

இருவர் முகமும் எனக்குத் தெரியாது.
நான் கீழ்த்தளத்துக்காரன்.
எனக்கு வருவது
மூடியிட்ட குப்பியில் கொஞ்சம் சளி, ஒரு எண், தேதி.
தட்டில் தேய்த்துக் கதகதப்பில் வைத்தால்
மறுநாள் பச்சை பூத்திருக்கும்.
திராட்சை வாசம் அடிக்கும்,
அழுகத் தொடங்குவதற்கு முந்தைய நாள் திராட்சை.
சொல்ல வெட்கம்தான், அந்த வாசம் எனக்குப் பிடிக்கும்.

மருந்து வில்லைகளைத் தட்டில் பதிப்பேன்.
வில்லையைச் சுற்றி வெறும் வட்டம் விழுந்தால் மருந்து பலிக்கிறது.
எனோராவின் பதினாறு வயதில் ஆறு வட்டம்.
பத்தொன்பதில் இரண்டு.
இப்போது வில்லையின் விளிம்புவரை வந்து
முழங்கை ஊன்றி உட்கார்ந்திருக்கிறது கிருமி.

அதன் ஏட்டைப் படிக்கத்தான் எனக்குச் சம்பளம்.
அறுபத்து மூன்று லட்சம் எழுத்து.
நான்கே எழுத்துள்ள நெடுங்கணக்கு,
நான்கும் உயிரெழுத்து.
நீந்தும் வாலை உதிர்த்திருந்தது,
இனி எங்கே போகப் போகிறோம் என்பதுபோல.
மருந்தை வெளியே இறைக்கும் விசைக்கு
இருந்த பூட்டையும் கழற்றியிருந்தது.

நவம்பரில் ஒரு மாலை
இரண்டு ஏடுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன்.
அந்நியர் இருவரின் கிருமிக்கு நடுவே
ஆயிரக்கணக்கில் எழுத்து மாறும்.
கணினி பதினொன்று என்றது.
குப்பி மாறிவிட்டதோ என்று மறுபடி ஓட்டினேன்.
பதினொன்று.
அவளிடம் ஐந்து, அவனிடம் ஆறு.
ஆண்டுக்கு இரண்டு மாறுமென்று
பின்னோக்கி எண்ணிக்கொண்டே போனால்
கிளை பிரிந்த இடத்தில் ஒரு கோடைக்காலம்,
முன்பின் சில மாதம்.

மருத்துவர் ல பிஹான் கேட்டிருக்கிறார்.
எனோரா சன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னாளாம்:
ரோஸ்கோஃபில் படகுக்கு நின்றோம்.
பா தீவுக்குப் பதினைந்து நிமிடம்.
இரண்டு மீட்டர் தள்ளித்தான் உட்கார்ந்தோம், போகும்போது.
திரும்பும்போது?
திரும்பும்போது இல்லை.

தொற்றிய வழி என்று படிவத்தில் ஒரு கட்டம்.
கருவி, காத்திருப்பு அறை, உடன்பிறப்பு, மற்றவை.
மற்றவை என்று குறித்தேன்.

அவள் ஒன்றே ஒன்றைத்தான் கேட்டாள்,
மருத்துவர் வழியாக:
யாரிடமிருந்து யாருக்கு?
பழைய குப்பிகளை உறைபெட்டியிலிருந்து எடுத்தேன்.
அவனுடையவற்றில் இந்தக் கிருமி இல்லை.
அவளுடையவற்றில் இருந்தது,
பதினாறு வயதிலேயே.
மூன்று முறை பார்த்தேன்.
பிறகு, சொல்ல இயலாது என்று எழுதிக்
கையெழுத்திட்டேன்.
இருபத்திரண்டு வருட வேலையில்
நான் தெரிந்தே எழுதிய பொய் அது ஒன்று.

மார்ச்சில் வியாழக்கிழமைக் குப்பி நின்றுபோனது.
மேலிருந்து யாரும் ஒன்றும் சொல்லவில்லை,
சொல்லும் வழக்கமும் இல்லை.

உறைபெட்டியில் கிருமிகளை
உறவு பார்த்து அடுக்குவது எங்கள் முறை.
அதனால் அவனுடையது 4417, அவளுடையது 4418.
நடுவே விரல் நுழையாது.

நேற்றுச் செவ்வாய்.
குப்பி வந்தது.
படித்து, பழையதோடு வைத்துப் பார்த்தேன்.
அவள் பக்கம் ஒரு எழுத்து கூடியிருக்கிறது.
பன்னிரண்டு.