நூற்றுக்கு முப்பத்தெட்டு

எல்லாம் கைநூலின் ஆறாம் பக்கத்தில் இருக்கிறது.
முப்பது கிரெடிட். முடித்தாயிற்று,
ஒரு பாடத்தில் மட்டும் சி தரம், காய்ச்சலோடு எழுதியது.
எண்பது வீத வரவு:
சனிக்கிழமைகளில் விடிய முன் ஹட்டனில் பஸ் ஏறி
அவிசாவளையில் கண்விழித்து
கொழும்பில் கையெழுத்து வைத்த வரவு.
இருபதினாயிரம் சொல்லுக்குக் குறையாத ஆய்வேடு.
கறுப்பு அட்டை, பொன்னெழுத்து, மூன்று பிரதி.
நூலகத்துக்குக் கடன் இல்லை என்று ஒரு கடிதம்.
ஒப்புமை அறிக்கை, நூற்றுக்கு இருபதுக்குள்.

எனக்கு முப்பத்தெட்டு வந்தது.

ஸ்டேஷன் வீதி கொமியூனிகேஷனில்
அறிக்கையைக் கலரில் அச்செடுத்தான் நிரோஷன்.
"எல்லாம் செவப்பாவே வருதே மிஸ்,
மை முடிஞ்சிரும்."

நான் களவெடுக்கவில்லை.
சிவந்திருந்தது பின்னிணைப்பு இரண்டு:
பன்னிரண்டு சத்தியக்கடதாசிகள்.
நோர்வூட், டிக்கோயா, பொகவந்தலாவை, மஸ்கெலியா என்று
மழைக்குள் வந்து நின்றவர்கள்
சொல்லச் சொல்ல நானே தட்டச்சிட்டவை.

'இந்து சமயத்தவராகிய நான்
பயபக்தியோடும் நேர்மையோடும் உண்மையோடும்'
அது சட்டத்தின் வாசகம், எல்லோருக்கும் ஒன்றுதான்.
(சூசைராஜ் வேதக்காரர். அவர் தாளில் அந்த வரி வேறு.)
அதற்குக் கீழேயும் சிவப்பு.

'நான் மேற்படி லயக் காம்பராவில் பிறந்தேன்.
எனது தாயும் அதே காம்பராவில் பிறந்தார்.
காணி உறுதி எதுவும் என்னிடம் இல்லை.
எனக்கு வரும் கடிதங்கள் தோட்டக் கந்தோருக்கே வரும்.
வங்கியின் கடிதம்
திகதி கடந்த பிறகே என் கையில் கிடைத்தது.'

பன்னிரண்டு தடவை.
வங்கிக்குப் பதிலாக ஓரிடத்தில் ஆஸ்பத்திரி,
இரண்டிடத்தில் நீதிமன்றமே,
ராசாம்பாளுக்குப் பல்கலைக்கழகம்.

இயந்திரத்தைக் குறை சொல்லமாட்டேன்.
பார்த்தெழுதியது மாதிரித்தான் இருந்தது.
யார் யாரைப் பார்த்து என்று
அதனிடம் நான் கேட்கவில்லை.

கலாநிதி வீரக்கொடி தொலைபேசியில் சொன்னார்:
"ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். மாதிரிக்கு ஒன்று போதும்."
நல்ல மனுஷி.
எனக்காக இரண்டு தரம் அவகாசம் கேட்டுத் தந்தவர்.

ராத்திரி கரண்ட் போயிற்று.
பெட்டரி தீர முன் வெட்டவேண்டும்.
முனியாயி போனாள். சூசைராஜ் போனார்.
செல்லமுத்து போக முப்பதாயிற்று.
மூக்காயியையும் அவள் மருமகளையும்
ஒரே தட்டில் அழித்தேன்.
அழிக்க எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று நினைக்கிறீர்கள்?
கட்டித்தயிர் வாங்கிவைத்திருந்தேன், அதைச் சாப்பிட்டேன்.
மிகுதியையும் வெட்டினேன்.

ராசாம்பாளை வைத்துக்கொண்டேன்.
ஏன் என்று ஆய்வு முறையியலில் ஒரு வரி:
'பிரதிநிதித்துவத் தன்மை கருதி.'
காரணம் அதுவல்ல.
அவளும் நானும் ஒரே வருஷம் உயர்தரம் எழுதினோம்.
அவளுடைய இசட் புள்ளி
என்னுடையதைவிடக் கூட.

பத்தொன்பது வீதம்.

கடைசிப் படிவத்தில் ஒரு கட்டம் மிச்சம்:
நிரந்தர முகவரி.
சான்றிதழ் பதிவுத் தபாலில் வருமாம்.
அம்மா இருக்கும் காம்பரா இலக்கத்தை எழுதினேன்.
மேலே கோடிழுத்து,
'சட்டத்தரணிகள் அறை, நீதிமன்ற வளவு, ஹட்டன்'
என்று திருத்தி, ஓரத்தில் சிறுகையெழுத்தும் வைத்தேன்.

திங்கட்கிழமை நீதிமன்ற வாசலில்
குடை மடித்துக்கொண்டு மூக்காயி நின்றாள்.
வேறு வழக்கு, பேரனுடையது, மோட்டார் சைக்கிள்.
"நம்ம கடதாசி கொழும்புக்குப் போயிருச்சா மிஸ்?"
உள்ளே இலக்கம் கூப்பிட்டார்கள்.
கோட்டின் ஒரு கையை மட்டும் மாட்டியிருந்தேன்.
"போயிருக்கு" என்றேன்.

சத்தியம் பண்ணிச் சொன்னதில்லை.