விநியோகக் கட்டணம் 280

இருநூற்றெண்பது ரூபாய்.
இணுவிலிலிருந்து மருதனார்மடச் சந்தைக்கு
பஸ்ஸில் போய்வர அறுபது.
ஓட்டோ என்றால் அறுநூறு கேட்பான்.
சந்தியில் குகநேசன் கடைக்கு நடந்தால் ஒன்றுமில்லை,
நாலு நிமிசமும் கொஞ்சம் செருப்புத் தேய்வும்.

அப்ப ஏன், என்று கேட்டாள் தங்கச்சி.
தேங்காயைக் காதடியில் குலுக்காமல்
வாங்குகிற ஆளா நீ?
முருங்கைக்காயை முறுக்கிப் பார்க்காமல்?

சரிதான்.
போன கிழமை வந்த கத்தரிக்காய்களில்
இரண்டில் புழுத் துளை.
படத்தில் இருந்தது வேறு எங்கோ விளைந்தது,
எண்ணெய் பூசினமாதிரி மினுங்கிக்கொண்டு.

வேலை முடிய ஐந்தரையாகுது,
வெயில்,
சந்தை அந்த நேரம் வாடிப்போய்க் கிடக்கும்.
இவ்வளவும் அவளுக்குச் சொன்னேன்.

குகநேசன் அண்ணை நல்ல மனுசன்.
அதுதான் சிக்கல்.
இப்ப அரைக்கிலோதானோ பிள்ளை அரிசி?
நிறுக்கிறபோதே கேட்பார்.
முட்டை நாலு காணுமோ?
அவர் இந்தக் கிழமையும் வரேல்லையோ?
தராசுத் தட்டில் நானே ஏறி நிற்பதுபோல இருக்கும்.
பின்னால் பாண் வாங்க நிற்கிற மூன்று பேரும்
முள் எதில் நிற்கிறதென்று எட்டிப் பார்ப்பார்கள்.

செயலி ஒன்றும் கேட்காது
என்றுதான் நினைத்திருந்தேன்.
காசு கட்டப் போகையில் ஒரு பெட்டி மேலெழுந்தது.
எதையாவது மறந்துவிட்டீர்களா?
நீங்கள் வழமையாக வாங்குபவை:
சவர பிளேட், ஐந்து உள்ள பக்கெற்.
சிவப்புப் பச்சையரிசி, ஐந்து கிலோ.
அந்த இஞ்சித் தேயிலை.

பெருவிரல் அந்தரத்தில் நின்றது.
தட்டினால் எல்லாம் வாசலுக்கு வரும்,
ஆளைத் தவிர.
இனி வேண்டாம் என்று சொல்ல
ஒரு பொத்தானும் இல்லை.
பிறகு என்று ஒன்று மட்டும் இருந்தது.
அதை அழுத்தினேன்.

ஆறே முக்காலுக்கு போன் வந்தது.
டிலக்சன், நாலு தசம் ஆறு நட்சத்திரம்.
அக்கா, மப்பில உங்கட வீடு இல்லை,
ஒரு தோட்டக் கிணத்தைக் காட்டுது.
எங்கள் ஒழுங்கைக்குப் பெயர் வைத்தவர் இல்லை.
வைரவர் கோயிலால் திரும்பி நீலக் கேற், என்றேன்.
எந்த வைரவர் அக்கா?
இதில மூண்டு வைரவர் நிக்கினம்.

நில்லும் தம்பி, சந்தியிலேயே நில்லும்.

இருநூற்றெண்பது ரூபாய் கட்டி,
நாலு நிமிசம் நடந்து,
குகநேசன் கடைக்கு நேர் எதிரே
மின்கம்பத்தடியில் நின்று
என் சாமானை நான் வாங்கினேன்.
தக்காளி நசிந்து பால்மாப் பக்கெற் முழுக்கச் சிவப்பு.
சீனி முடிஞ்சுதாம், அதைக் கழிச்சிட்டினம் அக்கா.
என்னிடம் ஐயாயிரம் ரூபாய்த் தாள்.
மாத்தின காசு பையனிடம் இல்லை.
இரண்டு பேரும் ஒரே நேரத்தில்
கடையைப் பார்த்தோம்.

குகநேசன் அண்ணை கல்லாவைத் திறந்தார்.
ஆயிரங்கள் நாலு, நூறுகள் பத்து.
எச்சில் தொட்டு எண்ணி என் கையில் வைத்தார்.
பையைப் பார்த்தார்.
அதில் அச்சடித்திருந்த பெயரை
உதடு அசைய வாசித்தார்.
ஒன்றும் கேட்கவில்லை.

வெளியே எரியாமல் கிடந்த பல்பைப் போட்டுவிட்டு,
பையன் காசு எண்ணட்டும் என்றோ,
நான் கிடங்கு பார்த்து நடக்கட்டும் என்றோ,
தன்பாட்டில் பருப்பு மூட்டையின்
வாயைக் கட்டத் தொடங்கினார்.

கேட்டிருந்தால் இன்றைக்குச்
சொல்லியிருப்பேனோ தெரியாது.
ஒழுங்கை முழுக்க அந்தக் கேள்வி
கேட்கப்படாமலே கூட வந்தது.

வீட்டில் போன் அதிர்ந்தது. சேவை எப்படி?
பையனுக்கு ஐந்தும் போட்டேன்.
ஒரு சுண்டு அரிசி களைந்து அடுப்பில் வைத்தேன்.
பேணியைத் திறந்து பார்த்தேன்,
அடியில் எறும்புகள்தான்.

சீனிக்கு நாளைக்குச்
சந்திக்குத்தான் போக வேணும்.