ஓர் அங்குலம் தள்ளி

பொம்மனஹள்ளி. இரண்டாம் மாடி. ஏழாவது லைனின் கடைசி மேஜை.
மணிக்குத் தொண்ணூறு சட்டை.
காலர், கைப்பட்டி, பட்டன் குழி, பக்கத் தையல்.
நூல் விட்டிருந்தால் அந்த இடத்தில்
சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒன்று.
வெட்டுவது, தைப்பது, பிரிப்பது எல்லாம் மற்றவர்கள்.
இங்கே என்று சொல்லத்தான் எனக்குச் சம்பளம்.
பதினோரு வருஷமாய்ச் சொல்கிறேன்.

முதலில் இடது கால் விரல்கள்
விடியற்காலையில் தாமாகவே உள்ளே மடங்கின.
சதைப்பிடிப்பு என்று தைலம் தேய்த்தேன்.
பிறகு கை.
லாரி போகும்போது டீ டம்ளரில் எழும் அலை,
லாரி இல்லாமலே.
முப்பத்து நாலு வயசில் இதெல்லாம் வராதும்மா
என்றார் ஓசூர் ரோடு டாக்டர்.
வந்திருந்தது.

நிம்ஹான்ஸில் ரத்தம் கொடுத்து மூன்று மாதம் கழித்து
சஹனா என்ற சின்னப்பெண் ஒரு தாளைத் திருப்பி வைத்தாள்.
பாதி கன்னடம், பாதி தமிழ், மீதி பேனா.
ஒன்றாம் குரோமோசோமில் ஒரு ஜீன்.
பேர் பிங்க் ஒன்று.
ரோஸ் கலரா என்றேன்.
கலர் இல்லக்கா, நீளமான பேரைச் சுருக்கி வெச்சது என்றாள்.
அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

அந்த ஜீன் ஒரு புரதம் செய்யும். கைனேஸ் என்று ஜாதி.
செல்லுக்குள் கரண்ட் தயாரிக்கும் கூடங்கள் நூறு நூறாய்,
ஒவ்வொன்றின் வாசலுக்கும் போகும்.
கூடம் நன்றாக ஓடினால் அதை உள்ளே இழுத்து
நறுக்கிப் போட்டுவிடும்.
போகும், நறுக்குப்படும். போகும், நறுக்குப்படும்.
எல்லாம் சரி என்பதற்கு
உள்ளே அதுதான் சேதி.

கரண்ட் செத்த கூடத்துக்கு இழுக்கத் தெம்பிருக்காது.
வந்தது வாசலிலேயே நிற்கும்.
அடுத்ததும் நிற்கும். கூட்டமாகும்.
பாஸ்பேட் துளி ஒன்றை எடுத்து அங்கே ஒட்டும்.
பார்கின் என்று இன்னொருவன் அதைப் பார்த்து ஓடிவந்து
குறிக்கு மேல் குறி வைப்பான்.
அப்புறம் செல் அந்தக் கூடத்தை
அப்படியே விழுங்கிக் கரைத்துவிடும்.

ஸ்டிக்கர், என்றேன்.
பேனாவை மூடிவிட்டு என்னையே பார்த்தாள்.

என் மேஜைக்கு அந்த செக்கர் வரவேயில்லை.
நடுமூளையில் கறுப்பாய் ஓர் இடமாம்,
அங்கே பழுதெல்லாம் பாஸாகி, பாஸாகி,
பெட்டி கட்டி, பெட்டி மேல் பெட்டி.

அப்பா அம்மா சொந்தமா, என்று கேட்டாள்.
அம்மாவுக்கு அப்பா தாய்மாமன்.
வெளியே கொடுத்தால் பொண்ணு கஷ்டப்படும் என்று
வீட்டுக்குள்ளேயே கொடுத்தார்கள், சாம்பியன் ரீஃபில்.
அவரிடம் ஒரு பிழை. அவளிடம் அதே பிழை.
ஒன்று மட்டும் என்றால் ஒன்றும் ஆவதில்லையாம்,
இருவரும் கைநடுங்காமல் செத்தார்கள்.

தம்பி கஜபதி கேப் ஓட்டுகிறான்.
டெஸ்ட்டா, எனக்கா, என்றான்.
சில்க் போர்டு சிக்னலில்
ஸ்டீயரிங்கில் இருந்த அவன் கையைப் பார்த்தேன்.
நான் பார்ப்பதை அவன் பார்த்தான்.
ரேடியோவைச் சத்தமாக வைத்தான்.

மாத்திரை ஏறினால் மூன்று மணி நேரம்
கை என்னுடையது.
நாலுக்கு மேல் அம்பு தவறுகிறது,
விட்ட தையலுக்கு ஓர் அங்குலம் வலப்பக்கம்.
சூப்பர்வைசர் ருத்ரேஷுக்கு இன்னும் தெரியாது.

ஆல்டர் மேஜையில் முனிரத்னம்மா.
அம்பு காட்டும் இடத்தில் நல்ல தையல் இருந்தால்
கத்தியிருக்கலாம், சட்டையை என் முகத்தில் எறிந்திருக்கலாம்,
போன வருஷம் சுங்கிடிப் புடவைக் கடனில்
எங்களுக்குள் பேச்சுவார்த்தை வேறு கிடையாது.

இன்று டாய்லெட் போகிற வழியில் நின்றேன்.
காலையில் வந்த சட்டைகளை
அம்பிலேயே பிரித்தாள்.
நாலு தாண்டி வந்ததை எடுத்தபோது
கட்டைவிரலை அம்பில் வைத்து,
ஓர் அங்குலம் இடப்பக்கம் நகர்த்தி,
ஊசியை அங்கே இறக்கினாள்.