நாலு வரி

நேபாளம், கம்போடியா, கென்யா.
ஒன்றுக்கு மட்டும் புள்ளடி போடச் சொன்னார் போதகர்.
பத்து நாள் ஊழியம். டிக்கெட் காசில் பாதி சபை தரும்.

'ஏன் போக விரும்புகிறீர்கள்?'
நாலு வரி விட்டிருந்தார்கள்.
பனிமலை பார்த்ததில்லை என்று எழுதி
வெட்டினேன்.
ஆத்தும பாரம் என்று எழுதினேன்,
போதகரின் கையெழுத்துப் போலவே வந்தது.

கொட்டாஞ்சேனை மாடிவீட்டில்
மின்விசிறி படிவத்தைத் தூக்கித் தூக்கிப் போட்டது.
போட்டோ ஒட்டப் பசை இல்லை.

பக்கத்துக் கதவைத் தட்டினேன்,
ஆறு வருடத்தில் முதல் தடவை.

பெர்பெச்சுவா அக்கா திறந்தா,
ஒரு கன்னத்தைத் துவாயால் மூடியபடி.
'பசையா? இருக்கு. உள்ளுக்கு வாங்கோ.'

என் வீட்டுச் சுவரோடு ஒட்டி
ஒரு கதிரை.
இரவில் நான் ஜெபிப்பது
அதில் இருந்தால் தெளிவாகக் கேட்குமாம்.