மண்ணெண்ணெயில் புள்ளி

வதனி,
மாங்குளத்துக்கு மாற்றலாகி வந்த மூன்றாம் நாளே
கேட்டு எழுதியிருக்கிறாய்:
இரவு நீளமாய்க் கிடக்கு,
பாக்கக்கூடிய பழைய படம் நாலு சொல்லு,
பத்துக்கு எத்தனை எண்டும் போடு.

பத்துக்குப் போட எனக்கு வராது.
நான் படம் பழகினது
ஒரு போத்தல் மண்ணெண்ணெய்
ஒரு நாள் கூலியை விழுங்கின காலத்தில்.
உருத்திரபுரத்தில் கபிரியேல் அண்ணையின் மாட்டுக்கொட்டில்.
ஜெனறேற்றருக்கு நாலு துளி பெற்றோல் முகரக் குடுத்து
இருமவைத்து, எழுப்பி,
பிறகு மண்ணெண்ணெயில் ஓடவிடுவார்.
ஆளுக்குக் கால்போத்தல்.
படம் முடிய வெளியில் வந்து
குடுத்த எண்ணெய்க்குத் தகுமோ எண்டுதான் கதைப்பம்.
கால் எண்டால் கணக்குச் சரி.
அதுக்கு மேலை போனால்
படத்துக்கு நாங்கள் கடன்.

முதலாவது, குதிரைப் படம்.
பெயர் தெரியாது. எழுத்தோட்டம் வெட்டுப்பட்ட கசற்.
பனி கொட்டுற ஊரில் ஒருத்தன்
தான் வித்த குதிரையைத் தேடி நடக்கிறான்.
ஒரு சொல்லும் விளங்கேல்லை.
விழுறது பனியோ
தேய்ஞ்ச கசற்றின் புள்ளியோ எண்டு
பிரிச்சறியேலாமல் குளிர்ந்துபோய் இருந்தம்.
முழுப்போத்தல்.
(போன வருசம் துப்புரவாக்கின பிரதி கிடைச்சுது.
பனி குறைஞ்சுபோச்சு.
முக்கால்.)

இரண்டாவது எங்கட மொழி. வழக்குப் படம்.
தாய் கூண்டிலேறிப் பேசத் தொடங்குவா.
அரியமலர் அக்கா எழும்பிப் போய்
மாட்டுக்கு வைக்கல் போட்டு, கை கழுவி வந்தாலும்
முந்தானை அதே கையில்,
கண்ணீர் அதே கன்னத்தில்.
அரைக்கால். அதுவும் நீதவானுக்காக:
ஒரேயொரு தரம் கொட்டாவி விடுவார்,
அது நடிப்பில்லை.

மூன்றாவதில் பாட்டு வந்தவுடனை
அண்ணை ஓடவிட்டு எண்ணெய் மிச்சம்பிடிப்பார்.
காதலர் இரண்டு பேரும்
மலையில் ஏறி, பூந்தோட்டத்தில் விழுந்து,
நாய் துரத்தினமாதிரித் திரும்பி வருவினம்.
பாட்டே இல்லாத படம் எண்டு
பன்னிரண்டு வருசம் நம்பியிருந்தன்.
ஒன்பது பாட்டாம்.
ஓடவிட்டுப் பாத்தால் அரைப்போத்தல்.
இருந்து கேட்டால்
சிமினி துடைச்ச துணியிலை இருக்கிற எண்ணெய்.

நாலாவது.
இதைச் சொல்லத்தான் மற்ற மூண்டும்.

கறுப்பு வெள்ளை. ஒரு ஆறு. தோணிக்காரி ஒருத்தி.
மறுகரையில் ஒருத்தன்
பின்னேரம் பின்னேரமாய் வந்து நிப்பான்.
கூப்பிடமாட்டான்.
அவளும் வலிக்கமாட்டாள்.
மழைநாள் ஒண்டில், ஏனெண்டு சொல்லாமல்
துடுப்பை எடுக்கிறாள்.
தோணி நடு ஆத்தில்.
எண்ணெய் முடிஞ்சுது.

மிச்சம் நாளைக்கு எண்டார் அண்ணை.
விடிய உருத்திரபுரம் எழும்பி நடந்தது.
மாட்டை அவிட்டம். கசற்றை ஒருத்தரும் நினைக்கேல்லை.

அக்கராயனில் பாலைமரத்துக்குக் கீழை
பாணுக்கு நிண்ட வரிசையில்
முடிவு பற்றிச் சண்டை.
அவன் வாய் பேசாதவன், அதுதான் கூப்பிடேல்லை
எண்டா அரியமலர் அக்கா.
அவள் அரைவழியில் திரும்பியிருப்பாள்
எண்டார் அண்ணை, வீட்டுத் திறப்பு தன்ரை மடியில் கிடக்க.
பாதி தண்ணி கலந்து எண்ணெய் தந்து
மிசினைக் கெடுத்த தவரூபன் சொன்னான்:
அங்கை ஒருத்தனும் நிக்கேல்லை,
அது ஒரு பட்டமரம்.
அவனை அடிக்கப் போச்சினம்.
நான் ஒண்டும் சொல்லேல்லை.
எத்தினை வருசம்
அவளை ஆத்து நடுவிலேயே வைச்சிருந்தன்.

போன மாதம் போனில் அம்பிட்டுது, முழுசாய்.
அவன் அவளின்ரை தொலைஞ்ச தமையன்.
கட்டிப்பிடிக்கினம்.
கோயில் மணி. சுபம்.

அந்த முடிவுக்கு நான் போடுறது
தவரூபனின்ரை போத்தல், தண்ணிப் பாதி.

ஆனாலும் பார் வதனி,
இதையே முதலில் பார்.
ஒரு மணி நாப்பத்தெட்டாம் நிமிசம்
துடுப்பு தண்ணியில் படும்.
மாங்குளத்தில் இப்ப கரண்ட் நிக்கிறேல்லை எண்டு கேள்வி.
நீயாய்த்தான்
எழும்பிப் போய் நூர்க்கவேணும்.